‘வரை’ என்று சொன்னால் அட்டை என்ன செய்யும்?

இந்தக் கேள்வியில் கொண்டுபோய் விட்ட யோசனை வந்தபோது என் பாதம் முழுக்கத் தேங்காய்த் தண்ணீர். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அம்மா உள்ளே கும்பிட்டுவிட்டு வரும்வரை செருப்புக்குக் காவல் இருப்பது என் வேலை. எனக்கு முன்னால் ஒருவர் கூடை நிறையத் தேங்காயை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஓங்கி எறிந்துகொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது. பாதியில் அவர் கை அப்படியே நின்றது.

“ஏட்டி, நீ பேசுனதுல எண்ணம் விட்டுப்போச்சு பாத்தியா.”

மனைவி அசரவில்லை. “எண்ணம் எதுக்குங்கேன்? எண்ணித்தான கூடையில போட்டோம்? கூட தீருத வரைக்கும் ஒடைங்க. பஸ்ஸுக்கு நேரமாவுதுல்லா.”

அவர் மறுபடி எறியத் தொடங்கினார். எனக்கு மட்டும் மண்டைக்குள் ஏதோ உடைந்தது. இத்தனை தடவை செய் என்பது ஒன்று. இன்னது நடக்கும்வரை செய் என்பது வேறொன்று. கம்ப்யூட்டருக்கு ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்ல இந்த இரண்டு வழிகளும் உண்டு. பல்கலைக்கழகத்தில் எங்கள் தன்னார்வக் குழு பள்ளிகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கும்போது குழந்தைகள் தடுக்கி விழுவது எப்போதும் இந்த இடத்தில்தான். இங்கிலீஷில் ‘ரிப்பீட் அண்டில்’ என்போம். அதை மலையாளத்தில் விளக்குவோம். குழந்தைகள் தலையாட்டுவார்கள். பிறகு தடவைக் கணக்கையே போடுவார்கள். ஆனால் ‘கூடை தீருகிற வரைக்கும்’ என்பதை யாருக்காவது விளக்க வேண்டுமா?

எங்கள் குழு அடுத்துப் போகவிருந்தது மலையில் உள்ள ஒரு சின்னப் பள்ளிக்கு. போனக்காட்டுப் பக்கம், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். பாடம் மலையாளத்தில், வீடு தமிழில். தமிழ் எழுத்தை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படியானால் கட்டளைகளே தமிழில் இருந்தால் என்ன? அம்மா பிரசாதத்தோடு வெளியே வந்தபோது நான் செருப்பை விட்டுவிட்டு நடைபாதையில் உட்கார்ந்து போனில் எழுதிக்கொண்டிருந்தேன்.

“காவலுக்கு நிறுத்தினேனே, நன்னாப் பாத்துண்டாய் போ” என்றாள் அம்மா. செருப்பு இருந்தது. அது என் அதிர்ஷ்டம்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து அந்தப் புரோகிராமை எழுதினேன். பெரிய விஷயமில்லை. திரையில் ஒரு சின்ன ஆமை. ஒரு மூலையில் வீடு, இன்னொரு மூலையில் மரம். கீழே சொற்கள் எழுதிய கட்டங்கள்: வீடு, மரம், எண்கள், நட, திரும்பு, வரை, நிறுத்து. மவுசால் சொற்களை எடுத்து வரிசையாக வைத்தால் ஆமை அதன்படி செய்யும். ‘மரம் வரை நட’ என்று வைத்தால் மரத்தடிக்குப் போய் நிற்கும்; ‘நட’ விட்டுப்போனாலும் போகும். ‘பத்து வரை’ என்று வைத்தால் பத்து அடிக்குக் கோடு கிழிக்கும். தமிழில் வினை கடைசியில் வருவது கம்ப்யூட்டருக்கு எவ்வளவு வசதி என்று எனக்கு நானே வியந்துகொண்டேன். ‘வரை’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறேன் என்பது கண்ணில் படவே இல்லை. ஸ்ரீவராகத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது படாது.

என்னோடு வந்தவன் என் வகுப்புத் தோழன், கொல்லத்துக்காரன். தமிழ் கேட்டால் புரியும், பேசினால் சிரிப்பு வரும். விதுரா தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியதும் அவனுக்குத் தலை சுற்றியது. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே, “எடீ, நின்டெ ஆமைக்கு மலையாளம் அறியுமோ?” என்று கேட்டான்.

“அறியாது. அது தமிழ் ஆமை.”

“பாவம். ஞானும் அதும் ஒரு போலெ.”

பள்ளியின் தலைமை ஆசிரியை வாசலிலேயே காத்திருந்தார். எல்லோருக்கும் அவர் டீச்சர். நல்ல மலையாளம், பிள்ளைகளோடு பழகிப் பழகி வந்த கொஞ்சம் தமிழ். டீ கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“மோளே, எனக்கு விரோதம் ஒண்ணும் இல்ல. பக்ஷே, சனிக்கிழமை இந்தக் குட்டிகளுக்கு ஸ்காலர்ஷிப் பரீட்சைக்கு டியூஷன் உண்டு. அந்த நேரத்தைத்தான் உங்களுக்குத் தந்திருக்கேன். மூணு சனி. மூணாவது சனிக்குத்தான் பெற்றோர் கூட்டம். அவங்க வந்து பாத்துட்டு வேணும்னு சொன்னா வருஷம் முழுக்க வரலாம். வேண்டாம்னு சொன்னா ஞான் டியூஷனைத் தொடங்கும். என்னை வழக்குப் பேசக் கூடாது, திட்டக் கூடாது.”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தப் பள்ளி ஏழாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு பிள்ளைகள் மலை இறங்கித்தான் படிக்க வேண்டும். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் பெற்றோருக்குத் துணிந்து அனுப்பத் தோன்றும்.

வகுப்பில் மூன்று லாப்டாப், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கூட்டம். ஆமையைப் பார்த்ததும் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

“அக்கா, இதுக்குப் பதிலா அட்டையைப் போடுவீங்களா?”

“அட்டையா? நோட்டு அட்டையா?”

வகுப்பு குலுங்கியது. “நோட்டு அட்டை நடக்குமா அக்கா? ரெத்தம் குடிக்குற அட்டை!” இன்னொருத்தி கூடையிலிருந்து பூவை எடுத்துக் காட்டுவதுபோல் என் கணுக்காலில் இருந்து ஒன்றைப் பிய்த்துக் காட்டினாள். நான் போட்ட கூச்சலில் கொல்லத்துக்காரனின் தலைசுற்றல் நின்றுவிட்டது. அங்கேயே உட்கார்ந்து ஆமைப் படத்தை நீக்கிவிட்டு நெளிகிற ஒரு கறுப்புக் கோட்டைப் போட்டேன். வகுப்பு எங்கள் கைக்கு வந்தது.

அந்த வகுப்பில் நீல ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் இருந்தாள், ஏழாம் வகுப்பு. மவுசை அவளிடமிருந்து பிடுங்க யாராலும் முடியவில்லை. அவளே என்னிடம் வந்து சொன்னாள்: “அக்கா, எங்கம்மாதான் கூட்டத்துல பேசும். அம்மா வேண்டாம்னு சொன்னா எல்லாரும் வேண்டாம்னு சொல்லிருவாங்க. அம்மைக்கு ஸ்காலர்ஷிப்தான் வேணும்.”

“உனக்கு?”

“எனக்கு ரெண்டும் வேணும். இது கூடுதல் வேணும்.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்த் திரையில் இரண்டு சொற்களை வைத்தாள்: ‘வீடு வரை.’ அட்டை நெளிந்து நெளிந்து மூலையில் இருந்த வீட்டு வாசலுக்குப் போய் நின்றது. அவள் காத்திருந்தாள். சுற்றி இருந்தவர்களும் காத்திருந்தார்கள். அட்டை அசையவில்லை.

“அக்கா, இது வரையலையே. சும்மா போயி நிக்குது.”

“வீடு வரைக்கும் போன்னு சொன்னே, போயிடுத்தே?”

“போன்னு ஞான் எப்ப சொன்னேன்? வீட்டை வரைன்னுதான சொன்னேன்!”

நான் திரையைப் பார்த்தேன். வீடு வரை. அவள் படித்தபடி படித்தால் வீடு ஒன்றை வரை. நான் எழுதியபடி படித்தால் வீடு வரைக்கும். இரண்டும் சரியான தமிழ். கொல்லத்துக்காரன் பின்னால் நின்று சத்தமாகச் சிரித்தான். மலையாளத்திலும் இதே கதைதானாம். ‘வரெ’ என்றால் அதுவரை, ‘வர’ என்றால் கோடு. “தமிழ் ஆமைக்கு மலையாளம் அறியும்!” என்று பஸ் இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே வேலை. ஒரு விதி கண்டுபிடித்தேன். ‘வரை’ கடைசியில் வந்தால் கோடு போடு. அதற்குப் பிறகு வேறு வினை வந்தால் ‘வரைக்கும்’ என்று எடுத்துக்கொள். ‘வீடு வரை’ என்றால் வரைய வேண்டும், ‘வீடு வரை நட’ என்றால் நடக்க வேண்டும். அட்டைக்கு வீடு என்றால் என்னவென்று தெரியாது, ஆகவே ‘வீடு எப்படி இருக்கும்? சொல்லிக்கொடு’ என்று திரையில் கேட்கும். பிள்ளைகள் கோடு கோடாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இலக்கணமே என் பக்கம் என்ற திமிரோடு இரண்டாம் சனிக்கிழமை மலை ஏறினேன்.

நீல ஸ்வெட்டர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். அட்டை கேட்டதும் சொல்லிக்கொடுத்தாள். நாலு கோடு, நடுவில் கதவு, பக்கத்தில் ஜன்னல். பிறகு வீட்டை வரையவைத்துவிட்டு அட்டையைக் கொஞ்சம் தள்ளி நடக்கவைக்கலாம் என்று நினைத்து, ‘வீடு வரை’ என்று வைத்து, அடுத்து ‘நட’ வைத்தாள். அட்டை ஒன்றும் வரையாமல் ஜம்மென்று மூலை வீட்டுக்கு நடந்துபோனது. என் விதி அப்படியே வேலை செய்தது. வரைந்துவிட்டு நட என்று அவள் சொன்னதை, வரைக்கும் நட என்று அது எடுத்துக்கொண்டது.

“இந்த அட்டைக்குக் காது கேக்காதா?” என்றாள், அழுகை வரப் பார்த்தது. கூட்டத்துக்கு இனி ஒரு வாரம்தான்.

நான் இன்னொரு விதியைப் பற்றி வாயெடுத்தேன். அதற்குள் பின்வரிசையில் சண்டை தொடங்கிவிட்டது.

“வரைன்னு யாருடா பேசுறா? வரைக்கும்னுதான சொல்லுவோம்?”

“அப்ப வரையிறதுக்கு?”

“வரைன்னு இருக்கட்டும்.”

“வேண்டாம். பின்னயும் அது கொழம்பும். கோடு போடுன்னு வைப்போம். கோலம் போடுவோம், கோடு போடுவோம்.”

“நிறுத்துன்னு இருக்கே, அதையும் மாத்தணும். நிறுத்துன்னா அட்டை நிக்குமாடா? உப்பு போட்டாத்தான் நிக்கும்!”

‘உப்பு’ என்ற கட்டளைக்குக் கிடைத்த ஆதரவில் மேசை அதிர்ந்தது. பக்கத்து அறையில் இருந்து டீச்சர் ஓடி வந்தார். வகுப்பில் கேள்வி கேட்டால் மேசையைப் பார்க்கும் பிள்ளைகளாம் இவர்கள். வாசற்படியில் நின்றபடி, “இவர்க்கு இத்ர சப்தம் உண்டோ?” என்று மெல்லக் கேட்டார். இவர்களிடம் இவ்வளவு சத்தம் இருக்கிறதா என்று. திட்டப்போகிறார் என்று பையன்கள் அடங்கினார்கள். அவர் திட்டவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். “உப்பு வேண்டாம்னு சொல்ற ஆள் உண்டா?” என்று தமிழிலேயே கேட்டார். ஒருவரும் இல்லை.

சொற்களை அங்கேயே மாற்றினேன். கோடு போடு. வரைக்கும். உப்பு. நான் கண்டுபிடித்த விதியை அழித்தேன். அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. பயங்கர சந்தோஷமாக இருந்தது. கட்டளைகளுக்கு அவர்களே பெயர் வைத்த பிறகு அந்த அட்டை என்னுடையதாக இல்லை.

மூன்றாம் சனிக்கிழமை மழை. அம்மாக்கள் குடையை வாசலில் சாத்திவைத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நீல ஸ்வெட்டரின் அம்மாவை யாரும் காட்டித்தர வேண்டியிருக்கவில்லை. மற்றவர்கள் இடம் விட்டு உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. டீச்சர் கூட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே அவர் கேட்டார்:

“டீச்சரே, இதுக்கு மார்க் உண்டா?”

“மார்க் இல்ல.”

“பரீட்சைக்கு இதுல கேள்வி வருமா?”

“வராது.”

“அப்பத் தெரிஞ்சு போச்சே” என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவரும் தலையாட்டினார். கொல்லத்துக்காரன் என்னை இடித்து, “பேசு” என்றான். பேச நிறைய வைத்திருந்தேன்: தர்க்க அறிவு, எதிர்காலம், வேலைவாய்ப்பு. அந்தப் பெஞ்சைப் பார்த்ததும் அது எல்லாம் விளம்பரம் போலத் தோன்றியது. “அவளே காட்டட்டும்” என்றேன்.

நீல ஸ்வெட்டர் லாப்டாப்பை அம்மா பக்கம் திருப்பி வைத்தாள். ஒரு சொல்லை அழுத்தினாள். அட்டை நெளிந்து நாலு கோடு போட்டது, ஒரு கதவு, ஒரு ஜன்னல். கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி நாலு கோடு, ஒரு கதவு, ஒரு ஜன்னல். மறுபடியும். திரையின் ஓரம் வரைக்கும் ஒரே சுவரில் ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள் வந்துகொண்டே இருந்தன. மேலே ஒரே நீளக் கூரை. ஓரத்தை எட்டியதும் உப்பு. அட்டை நின்றது.

பிறகு ஒரு அம்மா, “அய்யோ, இது நம்ம லயம்லா!” என்றார். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு அங்கே அதுதான் பெயர். பெஞ்சே எழுந்து வந்து திரையைச் சூழ்ந்தது. “கூரை ஒழுகுறதக் காட்டலயேடி!” என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

நீல ஸ்வெட்டரின் அம்மா சிரிக்கவில்லை. ஒரு விரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல், கதவு கதவாக நகர்த்திப் பார்த்தார்.

“ஒரு வீட்டுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தேம்மா” என்றாள் மகள். “பாக்கியெல்லாம் அதுவே போட்டுக்கிச்சு. ஓரம் வர்ற வரைக்கும்.”

“அது சரி. எல்லாம் ஒண்ணு போல இருக்கே. இதுல நம்ம வீடு எது?”

மகள் கதவுகளை ஒருமுறை எண்ணினாள். என்னைப் பார்த்தாள்.

“நம்ம கதவு பச்சைல்லா?” அம்மா விடவில்லை. “வாசல்ல டிரம் இருக்கும்லா? அதப் போடு.”

“ஒண்ணுக்கு மட்டும் தனியாப் போடச் சொல்லத் தெரியாதும்மா. பச்சைன்னு சொன்னா எல்லாக் கதவும் பச்சை ஆயிரும்.”

“அதுக்கு என்ன செய்யணும்?”

நான் குறுக்கே புகுந்தேன், ஆர்வக்கோளாறு. “வரிசையாப் போய்க்கிட்டே இருக்கும்போது ஒவ்வொரு வீட்டுலயும் நின்னு கேக்கணும், இது நம்ம வீடா இல்லையான்னு. நம்ம வீடா இருந்தா பச்சை, இல்லாட்டி சும்மா. அதுக்குச் சொல் இன்னும் வைக்கலை. அடுத்த பாடம் அதுதான்.”

“அடுத்த பாடம் எப்ப?”

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் அந்த அம்மாவைப் பார்த்தார். “அது நீங்கதான் சொல்லணும்” என்றார்.

அம்மா மகளைப் பார்த்தார். “டியூஷனை விடக்கூடாது, ஆமா” என்றார். “காலம்பற டியூஷன். சோறு தின்னுட்டு இது. அடுத்த சனி ஞான் வருவேன். நம்ம வீடு எதுன்னு காட்டு. காட்டலன்னா நிறுத்திருவேன், கேட்டியா? பின்ன அக்காமாரு வந்து சொன்னாலும் கேக்க மாட்டேன்.”

“காட்டுறேன்” என்றாள் நீல ஸ்வெட்டர். அவள் குரலில் இருந்த தைரியத்தில் பாதிகூட என்னிடம் இல்லை.

இறங்குகிற பஸ்ஸில் கொல்லத்துக்காரனும் நானும் விதுரா வரும்வரை அந்த ‘நம்ம வீடா இருந்தா’வுக்கு ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தோம். ‘என்றால்’ என்று வைக்கலாம்; ஆனால் அந்த வகுப்பில் ஒருவரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ‘ஆனால்’ என்று வைத்தால் இன்னொரு ‘வரை’ ஆகிவிடும். பாதிப் பேர் ‘ஆயிற்றென்றால்’ என்று எடுப்பார்கள், பாதிப் பேர் டீச்சர் ‘பக்ஷே’ என்பாரே, அந்த ‘இருந்தாலும்’ என்று எடுப்பார்கள். ‘ஆணெங்கில்’ என்றான் அவன். மலையாளத்துக்கு அது சரி. பிள்ளைகள் வாயில் வருவது ‘ன்னா’. நம்ம வீடுன்னா, மழைன்னா, பச்சைன்னா. அது தனியாக நிற்காது, முன்னால் உள்ள சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்கிற சொல்லைத் தனிக் கட்டத்தில் எப்படி அடைப்பது?

ஆகவே இந்த வாரம் வேறு மாதிரி செய்து பார்க்கப்போகிறேன். சொற்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்படி கட்டங்களின் ஓரத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று காலைவரை பாதி ஒட்டுகிறது, பாதி வழுக்குகிறது. நிபந்தனைக்கு உரிய கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. சனிக்கிழமை மத்தியானம், சோற்றுக்குப் பிறகு, அந்தக் காலிக் கட்டத்தை அவர்கள் முன்னால் வைத்துவிட்டுச் சண்டையைத் தொடங்கி வைப்பேன். பின்வரிசை ஒரு சொல்லைத் தீர்மானித்ததும் அதை அங்கேயே அட்டைக்குப் புரியவைக்க வேண்டும். பச்சைக் கதவு வருவதற்குள் நீல ஸ்வெட்டரின் அம்மா வந்துவிடாமல் இருக்க வேண்டும்.